பத்து எலக்ட்ரான்களும் ஒரு மதிப்பெண்ணும்

முதலாமாண்டு வகுப்பில் செய்யுளை உரக்கப் படிக்கச் சொல்வது என் வழக்கம். யாப்பைக் காதால் அறியாமல் கண்ணால் மட்டும் அறிந்தவர்களுக்குச் செய்யுள் கடைசிவரை ஒரு கணக்காகவே நின்றுவிடும் என்பது என் எண்ணம். சில ஆண்டுகளுக்கு முன்பு, தருமபுரிப் பக்கமிருந்து கோவைக்கு வந்து விடுதியில் தங்கிப் படித்த மாணவி ஒருத்தி, தன் முறை வரும்போதெல்லாம் இடக்கையால் வாயை மறைத்துக்கொண்டே படிப்பாள். நல்ல குரல், சீர் பிரித்துப் படிக்கும் தெளிவும் உண்டு. கை மட்டும் இறங்காது. கிராமத்துப் பிள்ளையின் கூச்சம் என்று கருதிய நான், ஒருநாள் எல்லார் முன்னிலையிலும், "கையை எடுத்துவிட்டுப் படியம்மா, தமிழுக்கு எதற்கு முகத்திரை?" என்று வேடிக்கைபோலச் சொல்லிவிட்டேன். வகுப்பு சிரித்தது. அவள் கையை எடுத்தாள். முன்பற்களில் பழுப்புக் கோடுகள். இடையிடையே சுண்ணாம்பு தெறித்தாற்போல வெண்திட்டுகள். வகுப்பு முடிந்ததும் என் மேசையருகே வந்து, "நான் தினமும் ரெண்டு வேளை பல் விளக்குறேன் ஐயா. எங்க ஊர்ல பாதிப் பேருக்கு இப்படித்தான்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். அன்று நான் அடைந்த வெட்கத்தை இன்றும் மறக்க இயலவில்லை.

மாலையில் தேநீர் வேளையில் வேதியியல் துறை நண்பரிடம் இதைச் சொன்னேன். அவர் சற்றும் வியப்படையவில்லை. "ஃபுளூரோசிஸுங்க அது. அந்தப் பிள்ளை மேல்நிலையில அறிவியல் எடுத்திருந்தா, இதுக்கு விடையை ஒரு மார்க் கேள்வியில எழுதிட்டுத்தான் வந்திருக்கும்" என்றார். ஃபுளூரைடு அயனிக்குச் சமமான எலக்ட்ரான் எண்ணிக்கை கொண்டது எது என்பது நெடுங்காலமாகக் கேட்கப்பட்டுவரும் கேள்விவகை என்றும் சொன்னார். மறுநாள் அவளிடம் கேட்டேன். மேல்நிலையில் அறிவியல் பிரிவுதான். கேள்வியை நான் முடிக்குமுன்பே, "ஹைட்ராக்சைடு. ரெண்டுலயும் பத்து" என்றாள். சரியான விடை. அந்த விடைக்கும் தன் பற்களுக்கும் தொடர்பு உண்டு என்று அவளிடம் அதுவரை எவரும் சொன்னதில்லை.

இக்கட்டுரையை எழுதத் தூண்டியது இதுதான். தமிழ் முதுகலை படித்த ஒருவன் அணுவையும் அயனியையும் பற்றி எழுதுவது சிலருக்கு அத்துமீறலாகத் தோன்றலாம். இலக்கிய இதழ்களை நாடி வருவோர் வேதியியல் என்றதும் பக்கத்தைப் புரட்டிவிடக்கூடும் என்பதையும் அறிவேன். கொஞ்சம் பொறுத்துப் படிக்குமாறு வேண்டுகிறேன். சம எலக்ட்ரான் என்னும் இச்சிறு கருத்து நாம் கால்வைத்து நிற்கும் கொங்கு மண்ணைப் படிப்பதற்கான திறவுகோல்களுள் ஒன்று. அதை ஒரு மதிப்பெண்ணாகச் சுருக்கிப் பிள்ளைகள் கையில் கொடுத்து அனுப்புவது அவர்களுக்கு நாம் இழைக்கும் அநீதி. நான் சொல்ல வருவது இவ்வளவே.

*

முதலில் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். ஆங்கிலத்திலும் பிற மொழிகளிலும் ஐசோஎலக்ட்ரானிக் என்று வழங்குவது, சமம் என்னும் பொருள் தரும் 'ஐசோஸ்' என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. தமிழில் 'சம எலக்ட்ரான்' என்றாலே போதுமானது. அணு, அயனி, மூலக்கூறு என எதுவானாலும், இரண்டில் உள்ள எலக்ட்ரான்களின் எண்ணிக்கையும் அவை அமைந்திருக்கும் முறையும் ஒத்திருந்தால் அவ்விரண்டும் சம எலக்ட்ரான் உறவுடையவை. ஃபுளூரின் அணுவில் 9 எலக்ட்ரான். அது ஒன்றைப் பெற்று ஃபுளூரைடு அயனியாகும்போது 10. ஹைட்ராக்சைடில் ஆக்சிஜனுக்கு 8, ஹைட்ரஜனுக்கு 1, மின்சுமையாக வந்து சேர்ந்தது 1, ஆக 10. சோடியம் 11-இல் ஒன்றை இழந்தால் 10. எண்ணத் தெரிந்த எவருக்கும் இது விளங்கும்.

எங்கள் துறைக்காரர்களுக்கு இது புதிதன்று. கட்டளைக் கலித்துறையில் அடியின் எழுத்தை எண்ணுகிறோம். நேரசையில் தொடங்கினால் 16, நிரையசையில் தொடங்கினால் 17. ஒற்றைக் கணக்கில் சேர்ப்பதில்லை. அபிராமி அந்தாதியும் இந்த யாப்புத்தான். யாப்பருங்கலக்காரிகையும் இந்த யாப்புத்தான். ஒன்று படிப்போரை உருக்குகிறது. மற்றொன்று இலக்கண விதியை நினைவில் நிறுத்துகிறது. எழுத்தெண்ணிக்கை ஒன்றே. எண்ணிக்கை ஒத்திருப்பதால் இரண்டுக்கும் ஓசையில் ஓர் ஒற்றுமை கட்டாயம் இருக்கும். ஆனால் அதற்குள் இருக்கும் பொருளை எண்ணிக்கை சொல்லாது.

இந்த ஒப்புமை எனக்கு எளிதாகக் கிடைத்துவிடவில்லை. கருத்தரங்கு ஒன்றில் சமத்துவத்தைப் பற்றிப் பேசுகையில், சம எலக்ட்ரான் கொண்டவை எல்லாம் ஒரே இயல்புடையவை என்று அழகுக்காக ஓர் உவமையை எடுத்துவிட்டேன். அவையில் இருந்த அதே வேதியியல் நண்பர் வெளியே வந்ததும், "எண்ணிக்கை ஒண்ணா இருந்தா ஆளும் ஒண்ணாயிருமாங்க? நடுவுல இருக்கற கரு வேறயில்லீங்களா?" என்று கேட்டார். அன்றுமுதல் அறிவியலிலிருந்து உவமை எடுக்கையில் ஒருமுறைக்கு இருமுறை கேட்டுக்கொள்கிறேன். இலக்கியவாதிகள் பலரும் குவாண்டம் என்றும் சார்பியல் என்றும் எழுதுவதைப் பார்க்கும்போது, அவர்களுக்கும் இப்படியொரு நண்பர் வாய்த்திருக்கலாகாதா என்று தோன்றும்.

*

நண்பர் சொன்ன 'கரு' என்னும் சொல்லில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. கொங்கு நாட்டுத் தோட்டத்துச் சாளை ஒன்றை மனத்தில் கொள்ளுங்கள். சாணத்தைக் கரைத்து ஊற்றும் எரிவாயுக் கலனிலிருந்து அடுப்புக்கு வருவது பெரும்பாலும் மீத்தேன். கட்டுத்தரையில் விடியற்காலையில் மூக்கைத் துளைக்கும் நெடி, மாட்டு மூத்திரத்திலிருந்து எழும் அம்மோனியா. தொட்டியில் இருப்பது தண்ணீர். மீத்தேனில் கார்பனின் 6-உம் ஹைட்ரஜன்களின் 4-உம் சேர்ந்து 10 எலக்ட்ரான். அம்மோனியாவில் 7-உம் 3-உம் சேர்ந்து 10. தண்ணீரில் 8-உம் 2-உம் சேர்ந்து 10. மூன்றும் பத்துதான். ஆனால் மீத்தேன் கொதிப்பது சுழிக்குக் கீழே 161 டிகிரி செல்சியசில், அம்மோனியா சுழிக்குக் கீழே 33-இல், தண்ணீரோ 100-இல். எடையிலும் 16, 17, 18 என்று அடுத்தடுத்து நிற்பவை இவை. வேறுபாடு எங்கிருந்து வந்தது? பத்து எலக்ட்ரான்களையும் இழுத்துப் பிடிக்கும் நேர்மின்சுமை எப்படிப் பங்கிடப்பட்டிருக்கிறது என்பதிலிருந்து வந்தது. ஆக்சிஜனின் கருவில் 8 புரோட்டான்கள் ஓரிடத்தில் குவிந்திருப்பதால் தண்ணீர் மூலக்கூறு ஒருபுறம் எதிர்மின்சாய்வும் மறுபுறம் நேர்மின்சாய்வும் கொள்கிறது; ஒவ்வொரு மூலக்கூறும் அண்டை மூலக்கூறுகளோடு கைகோத்துக்கொள்கிறது. மீத்தேனுக்கு அந்தப் பிடிப்பு இல்லை. பத்தை எண்ணியதோடு நிறுத்திக்கொண்டவருக்குத் தொட்டியில் நீர் ஏன் நீராக நிற்கிறது என்பது விளங்காது.

அயனிகளுக்கு வருவோம். கொங்கு நாட்டின் அண்மைக்கால வரலாறு பெருமளவும் பத்து எலக்ட்ரான் அயனிகளின் வரலாறு என்று சொன்னால் மிகையாகத் தோன்றும். ஆனால் பாருங்கள். திருப்பூரில் பருத்தித் துணியில் சாயம் ஏற உப்பு வேண்டும். அந்த உப்பின் சோடியம் பத்து எலக்ட்ரான் அயனி. நொய்யலின் குறுக்கே 1992-இல் கட்டிமுடித்த ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவோடு தேங்கியது இதுதான். பாசனத்துக்கென்று கட்டிய அணையின் தண்ணீரை உழவர்களே வேண்டாம் என்று சொல்லும் நிலை வந்தது. 2011 சனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூட ஆணையிட்டதன் பின்னணியில் இந்த உப்பும் இருக்கிறது. சேலத்துச் சுண்ணாம்புக்கரட்டில் வெட்டியெடுக்கப்படும் மாக்னசைட்டில் உள்ளது மக்னீசியம். 12-இல் இரண்டை இழந்த பத்து. சேர்வராயன் மலையிலும் கொல்லிமலையிலும் எடுக்கப்பட்ட பாக்சைட்டில் உள்ளது அலுமினியம். 13-இல் மூன்றை இழந்த பத்து.

1960-களில் இயங்கத் தொடங்கிப் பின்னர் மூடப்பட்ட மேட்டூர் அலுமினிய ஆலையைப் பற்றி நண்பர் சொன்ன செய்தி என்னை மிகவும் ஈர்த்தது. அலுமினிய ஆக்சைடை உருகிய கிரையோலைட்டில் கரைத்து அதில் மின்சாரம் செலுத்துவதே அலுமினியம் பிரிக்கும் முறை. கிரையோலைட்டில் சோடியம், அலுமினியம், ஃபுளூரைடு; ஆக்சைடில் அலுமினியமும் ஆக்சிஜனும். முறைப்படி எண்ணினால் அந்தக் கொதிகலத்தில் உள்ள முதன்மையான அயனிகள் ஒவ்வொன்றிலும் பத்து எலக்ட்ரான்தான்.

எண்ணிக்கை ஒன்றே; உருவம் ஒன்றா? இல்லை. பிக்கோமீட்டர் என்பது மீட்டரில் லட்சம் கோடியில் ஒரு பங்கு. அந்த அளவில் ஆக்சைடின் ஆரம் ஏறத்தாழ 140, ஃபுளூரைடு 133, சோடியம் 102, மக்னீசியம் 72, அலுமினியம் 54. கருவில் உள்ள புரோட்டான்கள் 8, 9, 11, 12, 13 என்று ஏற ஏற, அதே பத்து எலக்ட்ரான்கள் மேலும் மேலும் உள்ளே இழுக்கப்பட்டு அயனி சுருங்குகிறது. ஒரே குடும்பத்தில் பத்துப் பேர். வீட்டுத் தலைவரின் கண்டிப்புக்கேற்ப வீடு சிறுத்துப்போகிறது என்று என் மாணவர்களிடம் சொல்வதுண்டு. வகுப்பில் நினைவில் நிற்க இது போதும். இதற்குமேல் இந்த உவமையை இழுக்கக்கூடாது.

*

எண்ணிக்கை ஒத்திருப்பதன் பயனையும் ஆபத்தையும் சேர்த்துக் காட்டுவது இன்னொரு குடும்பம். பதினான்கு எலக்ட்ரான் குடும்பம். அமெரிக்க வேதியியலாளர் இர்விங் லாங்மியூர் 1919-இல் எழுதிய கட்டுரையொன்றில், இவ்வாறு எலக்ட்ரான் ஒத்த மூலக்கூறுகளின் இயற்பியல் பண்புகளும் ஒத்திருப்பதைச் சுட்டிக்காட்டினார். நைட்ரஜன் மூலக்கூறும் கார்பன் மோனாக்சைடும் அவர் காட்டிய இணைகளுள் ஒன்று. ஏழும் ஏழும் பதினான்கு; ஆறும் எட்டும் பதினான்கு. இரண்டின் மூலக்கூறு எடையும் 28. ஒன்று சுழிக்குக் கீழே 196 டிகிரியிலும் மற்றது 191.5 டிகிரியிலும் கொதிக்கின்றன. இரண்டுக்கும் நிறமில்லை, மணமில்லை. உட்கூட்டில் முடங்கிக்கிடக்கும் நான்கு எலக்ட்ரான்களைக் கணக்கில் விட்டுவிட்டு, வெளிக்கூட்டில் உள்ள பத்தை மட்டும் எண்ணுவதும் உண்டு. ஒற்று நீக்கி எழுத்தெண்ணும் நமக்கு இதில் தயக்கம் எழாது.

ஆனால் நைட்ரஜன் நாம் மூச்சில் இழுக்கும் காற்றில் ஏறத்தாழ 78 விழுக்காடு. ஒரு தீங்கும் செய்வதில்லை. கார்பன் மோனாக்சைடு, குருதியின் ஹீமோகுளோபினில் உள்ள இரும்பை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்போடு பற்றிக்கொள்கிறது. நீலகிரிக் குளிருக்கு அஞ்சி, மூடிய அறைக்குள் கரியடுப்பை வைத்துக்கொண்டு உறங்கியவர்கள் காலையில் எழாமற்போன செய்தியை நாளிதழில் நாம் பலமுறை படித்திருக்கிறோம். நைட்ரஜனில் இருபுறமும் ஒரே கரு, சமநிலை குலையாதது. கார்பன் மோனாக்சைடில் இரு முனைகளும் வேறு; கார்பன் முனை தன் எலக்ட்ரான் இணையை இரும்புக்குக் கொடுக்க ஆயத்தமாக நிற்கிறது.

அதே பதினான்கில் மூன்றாமவர் சயனைடு அயனி: கார்பனுக்கு 6, நைட்ரஜனுக்கு 7, சுமையால் 1. சேலம், நாமக்கல், ஈரோடு வட்டாரங்களில் ஜவ்வரிசிக்காக விளையும் குச்சிக்கிழங்கில், அதாவது மரவள்ளியில், லினமாரின் என்ற பொருள் இருக்கிறது. கிழங்கையோ தழையையோ நசுக்கினாலும் மென்றாலும் அதிலிருந்து சயனைடு வெளிப்படும். உயிரணுக்களின் மூச்சியக்கத்தை நடத்தும் நொதியின் இரும்பை அது பற்றிக்கொள்ளும். கிழங்கைத் தோல் சீவி, வேகவைத்த தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும் என்று ஆத்தாக்கள் சொல்வதும், மரவள்ளித் தழையிலும் வாடிய இளஞ்சோளப் பயிரிலும் ஆடுமாடுகளை விடக்கூடாது என்று உழவர்கள் சொல்வதும் இதனால்தான். ஜவ்வரிசி ஆலையும் கரியடுப்பும் காற்றும் ஒரே எண்ணில் வந்து சந்திக்கின்றன. சந்திக்கும் இடத்தை எண்ணிக்கை காட்டுகிறது. எது உயிர் வாங்கும், எது வாங்காது என்பதைக் கருவின் அமைப்புச் சொல்கிறது. இரண்டையும் சேர்த்துச் சொல்லித்தருவதே பாடம். முதற்பாதியை மட்டும் சொல்லித்தருவது தேர்வுக்குப் போதும், வாழ்வுக்குப் போதாது.

*

இப்போது அந்த மாணவியின் பற்களுக்குத் திரும்புகிறேன்.

ஃபுளூரைடுக்கும் ஹைட்ராக்சைடுக்கும் எலக்ட்ரான் பத்து என்பது மட்டுமன்று. இரண்டின் சுமையும் ஓர் எதிர்மின்சுமை. உருவளவும் ஏறத்தாழ ஒன்று. ஃபுளூரைடு 133 பிக்கோமீட்டர், ஹைட்ராக்சைடு 137. சோடியத்துக்கும் பத்துதான், ஆனால் சுமை நேர்மின்சுமை ஆகையால் இந்த ஆட்டத்தில் அதற்கு இடமில்லை. எண்ணிக்கை, சுமை, அளவு ஆகிய மூன்றும் ஒத்துப்போகும்போது ஒன்றின் நாற்காலியில் மற்றொன்று உட்கார்ந்துகொள்ள முடிகிறது.

இந்த இடமாற்றம் முதலில் நடப்பது பாறைக்குள். கொங்கு நாடு பெரும்பாலும் கடும்பாறைப் பகுதி. கருங்கல்லில் மின்னும் கறுப்பு அப்பிரகமான பயோட்டைட், ஹார்ன்பிளெண்டு போன்ற கனிமங்களில் ஹைட்ராக்சைடு இருக்கவேண்டிய இடங்கள் சிலவற்றில் ஃபுளூரைடு உட்கார்ந்திருக்கிறது. நிலத்தடி நீர் காரத்தன்மை கொண்டதாக இருந்தால், நீரின் ஹைட்ராக்சைடு உள்ளே புகுந்து ஃபுளூரைடை வெளியே தள்ளுகிறது. நீரும் பாறையும் எவ்வளவு நெடுங்காலம் ஒட்டிக்கிடக்கின்றனவோ அவ்வளவு ஃபுளூரைடு நீரில் கரையும். ஆற்றுநீரும் மேல்மட்டக் கிணற்றுநீரும் குடித்த காலத்தில் இது பெரிதாகத் தெரிந்திருக்காது. கோவையின் பம்புசெட்டுகளும் ஆழ்துளைக் கருவிகளும் நம்மை ஆயிரம் அடிக்கும் கீழே கொண்டுபோயின. அங்கே நெடுங்காலம் பாறையோடு கிடந்த நீரை மேலே கொண்டுவந்து குடித்தோம்.

இரண்டாவது இடமாற்றம் நம் உடலுக்குள். பல்லுக்கும் எலும்புக்கும் அடிப்படையான கனிமம் ஹைட்ராக்சி அபடைட். அதன் வாய்பாட்டில் பத்துக் கால்சியத்துக்கும் ஆறு பாஸ்பேட்டுக்கும் இரண்டு ஹைட்ராக்சைடு. குருதி வழியே வரும் ஃபுளூரைடு அந்த ஹைட்ராக்சைடின் இடத்தில் அமர்கிறது. சிறிதளவு அமர்ந்தால் நன்மை; அமிலத்தில் எளிதில் கரையாத உறுதி பல்லுக்குக் கிடைக்கிறது. பற்பசையில் ஃபுளூரைடு சேர்ப்பது இதற்காகவே. அளவு மிகுந்தால், பல்லின் எனாமல் உருவாகும் இளமைப் பருவத்தில் அந்த உருவாக்கமே குலைந்து, மேற்பரப்பு நுண்துளைகள் கொண்டதாகிக் கறை ஏறுகிறது. இங்கே நடப்பது வெறும் இடமாற்றம் மட்டுமன்று. எனாமலைக் கட்டும் உயிரணுக்களின் வேலையும் கெடுகிறது. ஏறத்தாழ எட்டு வயதுக்குள் அமைந்துவிடும் இக்குறையை அதன்பிறகு எவ்வளவு விளக்கினாலும் போக்க முடியாது. பல ஆண்டுகள் மிகுதியாக உட்கொண்டால் எலும்பும் மூட்டும் இறுகி, குனியவும் நிமிரவும் முடியாமற்போகும்.

இது நேற்றுக் கண்டறியப்பட்ட செய்தியன்று. அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர்ப் பகுதியில் இந்நோய் பரவியிருந்ததை ஷார்ட் முதலிய மருத்துவ ஆய்வாளர்கள் 1937-இலேயே எழுதிவிட்டார்கள். இந்தியத் தர நிர்ணயம் குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் ஃபுளூரைடு என்றும், வேறு நீர் கிடைக்காதவிடத்து 1.5 மில்லிகிராம் வரை என்றும் வரம்பு கட்டியிருக்கிறது. இந்த வரம்பைத் தாண்டும் நீர் உள்ள இடங்கள் தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் மட்டுமல்ல, சேலம், நாமக்கல், ஈரோடு, கோவை மாவட்டங்களிலும் உண்டு. 2008-இல் அடிக்கல் நாட்டி, ஜப்பானியக் கடனுதவியோடு நிறைவேற்றி, 2013-இல் தொடங்கிவைக்கப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் முழுப்பெயரிலேயே 'ஃபுளூரோசிஸ் குறைப்பு' என்ற சொல் இருக்கிறது. காவிரிநீர் வந்தது நல்லது. என் மாணவியின் பற்கள் உருவான ஆண்டுகளில் அது வந்திருக்கவில்லை.

மூன்றாவது இடமாற்றம் ஒன்றும் உண்டு, அது மருந்து. கிளர்வூட்டிய அலுமினா நிரப்பிய வடிகட்டியில் ஃபுளூரைடு நீரைச் செலுத்தினால், அலுமினாவின் மேற்பரப்பில் உள்ள ஹைட்ராக்சைடு இடம்விட, ஃபுளூரைடு அங்கே தங்கிவிடுகிறது. வடிகட்டி நிறைந்துபோனால் காரக்கரைசலைச் செலுத்தி, ஹைட்ராக்சைடைக் கொண்டு ஃபுளூரைடை மீண்டும் வெளியேற்றலாம். பாறையில் நடந்தது, பல்லில் நடந்தது, வடிகட்டியில் நடப்பது, மூன்றும் ஒரே இணையின் இடமாற்றம். நோயும் தீர்வும் அந்த ஒரு மதிப்பெண் விடைக்குள் இருக்கின்றன. தண்ணீரைக் காய்ச்சினால் ஃபுளூரைடு போகாது, நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடும் என்பதையும் இத்துடன் சேர்த்துச் சொல்லவேண்டும். காய்ச்சிக் குடித்தால் எல்லாம் சரியாகும் என்று நம்பும் வீடுகள் நம்மிடம் ஏராளம்.

*

மறுப்புகள் எழும் என்பதை அறிவேன். "பாடத்திட்டத்தை முடிக்கணுமில்லீங்க? இதையெல்லாம் சொல்லிட்டிருந்தா நுழைவுத் தேர்வுக்கு எப்படித் தயார்பண்றது?" என்று நண்பரே கேட்டார். நியாயமான கேள்விதான். மேல்நிலை வகுப்பை மதிப்பெண் ஆலையாக மாற்றியதில் கொங்கு நாட்டுக்குத் தனிப் புகழே உண்டு. ஆனால் நான் மேலே எழுதியதை ஒரு பாடவேளையில் சொல்லிவிடலாம். அந்தப் பாடவேளைக்குப் பிறகு ஃபுளூரைடுக்கு எத்தனை எலக்ட்ரான் என்று எந்த மாணவரும் மறக்கப்போவதில்லை. மனப்பாடத்துக்கும் இதுவே எளிய வழி.

இன்னொரு மறுப்பு எங்கள் பக்கத்திலிருந்து வரும். அறிவியலை அறிவியல்காரர்கள் பார்த்துக்கொள்ளட்டும், இலக்கியக்காரனுக்கு இதில் என்ன வேலை என்பது. எனக்கு இருந்த வேலை மிக எளியது. ஒரு பெண்ணை எல்லார் முன்னிலையிலும் கூச்சப்படுத்தாமல் இருந்திருக்கலாம். அவள் வாயை மறைத்ததைக் கிராமத்துக் கூச்சம் என்று படித்த என் வாசிப்பு தவறான வாசிப்பு. வாசிப்பையே தொழிலாகக் கொண்டவர்களுக்கு அது சிறிய தவறன்று. கறைபடிந்த பல்லைச் சோம்பலின் அடையாளமாகவும் அழுக்கின் அடையாளமாகவும் நம் கதைகளில் எத்தனைமுறை எழுதியிருக்கிறோம் என்று எண்ணிப் பார்க்கலாம். பெண் பார்க்க வந்த இடத்தில் பல்லைக் கண்டு திரும்பிப்போனவர்களைப் பற்றி அவள் பின்னொருநாள் சொன்னாள். அந்த வீட்டாரிடம் இது தண்ணீர் செய்த வேலை என்று எடுத்துச்சொல்ல ஊரில் ஆளில்லை. அறிவியல் படித்த பிள்ளைகள் அதே ஊரில் பலர் இருந்தார்கள். அவர்கள் எல்லாருக்கும் அந்த விடை தெரியும்.

ஆகவே என் கோரிக்கை சிறியது. வினாத்தாளில் அந்த ஒரு மதிப்பெண் கேள்வி அப்படியே இருக்கட்டும். அதை அடுத்து ஐந்து மதிப்பெண்ணுக்கு ஒரு கேள்வி வேண்டும்: ஃபுளூரைடும் ஹைட்ராக்சைடும் சம எலக்ட்ரான் கொண்டவை என்பதால் உங்கள் ஊர்ப் பாறையிலும் குடிநீரிலும் பற்களிலும் நிகழ்வது என்ன என்று தமிழில் விளக்கி எழுதுக. விடை எழுதும் பிள்ளை முதலில் தன் ஊர்த் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று வீட்டில் கேட்கவேண்டியிருக்கும். அந்தக் கேள்வி வீட்டுக்குள் போவதே பெரிய காரியம்.

நண்பரிடம் கேட்டறிந்ததையெல்லாம் அவளிடம் சொன்னபோது அவள் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அப்போ இது நான் பல் விளக்காததால இல்லைன்னு எங்க அம்மாகிட்ட சொல்லலாமா ஐயா?" என்று கேட்டாள். சொல்லலாம் என்றேன். அடுத்த வாரம் தன் முறை வந்தபோது எழுந்து படித்தாள். பாதிப் பாட்டில் கை பழக்கத்தில் மேலே எழுந்தது. பின் தானே இறங்கி மேசைமேல் அமர்ந்துகொண்டது.